அண்ணி கையில் எதுவும் சாகாது

என் அண்ணிக்குப் புற்றுநோயை வளர்க்கிற வேலை. இப்படிச் சொன்னதும் கேட்கிறவர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் இப்படித்தான் சொல்வேன். வீட்டின் முன்னறையில் என் தையல் கடை. அளவு கொடுக்க வருகிறவர்கள் பேச்சுவாக்கில், "உங்க அண்ணி எங்க வேலை பாக்குறாங்க?" என்று கேட்டால், உதட்டில் கவ்வியிருக்கும் குண்டூசியை எடுத்துவிட்டு, "நுரையீரல் கேன்சருக்குச் சாப்பாடு போட்டு வளக்குறாங்க" என்பேன். அண்ணி பக்கத்தில் இருந்தால் முதுகில் ஒன்று விழும்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அண்ணி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் செல் அறையைப் பார்த்துக்கொள்கிறாள். என்றைக்கோ யாரோ ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த செல்கள், அந்த ஆள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆன பிறகும், பிளாஸ்டிக் குப்பிகளில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு ஆகாரம் ஒரு ரோஸ் நிறத் திரவம். தின்று தீர்த்துக் கழிவைக் கொட்டினால் அது மஞ்சளாகிவிடும். உடனே பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஓர் அலமாரி, வடிகட்டிய காற்று ஊதுகிற ஒரு கண்ணாடி மேடை, ஒரு நுண்ணோக்கி, எப்போதும் ஸ்பிரிட் வாசனை. அண்ணியின் ராஜ்யம் இவ்வளவுதான். அந்த ராஜ்யத்துக்குள் செருப்புக் காலோடு யாரும் நுழைந்துவிட முடியாது.

"இது பாம்புக்குப் பால் வாக்குற கதையால்ல இருக்கு அண்ணி" என்றேன் ஒருநாள்.

"நல்லா வளந்தாத்தானே மருந்தைப் போட்டுப் பாக்க முடியும்? நோஞ்சானை அடிச்சுப் போட்டுட்டு ஜெயிச்சிட்டேன்னு சொல்ல முடியுமா?" என்றாள்.

அண்ணிக்குக் கைராசி அப்படி. தொட்டது துலங்கும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடிப்போன பூந்தொட்டிகளை எங்கள் பால்கனியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள், ஆஸ்பத்திரியில் சேர்ப்பது மாதிரி. கொஞ்ச நாளில் தளதளவென்று வீடு திரும்பும். என் கை அதற்கு நேர்மாறு. நான் கள்ளிச்செடியையே சாகடித்தவள். "தண்ணி ஊத்த மறந்துட்டியா, இல்ல நிறைய ஊத்திட்டியா?" என்று அண்ணி கேட்டபோது இரண்டையும் செய்திருந்த உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்னொன்று, அண்ணிக்கு யாரும் பசியோடு இருக்கக் கூடாது. மீட்டர் பார்க்க வந்தவர், குழாய் சரிசெய்ய வந்தவர், வழி தெரியாமல் கதவைத் தட்டியவர் என்று யாரையும் சாப்பிட வைக்காமல் அனுப்பியதில்லை. என் அண்ணன் பஸ் ஓட்டுகிறான். கல்யாணத்துக்கு முன்னால் குச்சி மாதிரி இருந்தவன், இப்போது ஸ்டீயரிங் வயிற்றில் இடிக்கிறது என்கிறான். அவன் யூனிபாரத்தைப் பிரித்துப் பிரித்து அகலப்படுத்தி, மடித்துத் தைத்திருந்த உள்துணியெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று உலகம் சொல்லும். எங்களுக்குள்ளும் சண்டை வரும். ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் சண்டை போட வேண்டும் என்பாள் அண்ணி. வயிறு நிறைந்த பிறகு எவளால் சண்டை போட முடியும்?

அந்தக் கூடத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அவருக்குக் கீழே பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிற ஒருவர். கண்ணாடி போட்ட, எப்போதும் ஓடிக்கொண்டே பேசுகிற மனிதர். அண்ணி அவருக்கு வைத்த பெயர் 'அவசரம்'. அவர்கள் செய்கிற ஆராய்ச்சியை அண்ணி எங்களுக்குச் சாப்பாட்டு மேசையில் விளக்கினாள்.

"ஒரு புரத மருந்து இருக்கு. அது கேன்சர் செல்லுக்குள்ள போயிட்டா, செல் தன்னால செத்துடும். ஆனா உள்ள போகாது. ஆள் பெரிசு, வாசல் சின்னது. போற வழியிலேயே சிதைஞ்சும் போயிடும்."

"அப்ப எப்படித்தான் உள்ள அனுப்புறது?" என்றேன்.

"கொழுப்புல ஒரு குமிழி பண்ணி, அதுக்குள்ள வச்சு அனுப்பறோம். நானோ துகள்னு சொல்வாங்க. உன் தையல் நூல் தடிமன்ல ஆயிரத்துக்கு மேல அடுக்கலாம், அவ்ளோ சின்னது. செல் அதை நல்ல சாமான்னு நெனச்சு விழுங்கிடும். உள்ள போனதும் குமிழி உடைஞ்சு மருந்து வெளிய வரும்."

"வாழைப்பழத்துல ஊசி ஏத்துற வேலைன்னு சொல்லு" என்றான் அண்ணன், இன்னொரு தடவை தட்டை நீட்டியபடி.

மருந்து விட்ட மறுநாள் தட்டுகளில் நீலச் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். செத்த செல் சாயத்தை உள்ளே விட்டு நீலமாகிவிடும். உயிரோடு இருப்பது விடாது. ஒவ்வொரு சோதனையையும் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. அவசரம் ஒரு தட்டு, அண்ணி ஒரு தட்டு. ஒரே குப்பிச் செல்கள், ஒரே மருந்து. அவசரத்தின் தட்டு முழுக்க நீலம். அண்ணியின் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு நீலப் புள்ளி, மற்றதெல்லாம் கொழுகொழுவென்று உயிரோடு.

முதல் தடவை சிரித்தார்கள். "அக்கா, உங்க கைராசி கேன்சருக்கும் பலிக்குதே" என்றார் அவசரம். வீட்டில் நானும் விடவில்லை. "என்னை வேலைக்கு வச்சுக்கச் சொல்லுங்க அண்ணி. நான் தொட்டா ஒரே நாள்ல எல்லாம் காலி" என்றேன். அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். மறுபடி செய்தார்கள், மறுபடியும் அதே கதை. அதற்கடுத்த தடவையும். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த கட்டமாக எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க எல்லாம் தயாராக இருக்கும்போது, ஒரு கையில் சாகிறது, இன்னொரு கையில் சாகவில்லை என்று எழுத முடியுமா? மேடம் அண்ணியைத் தனியே கூப்பிட்டார்.

"எங்கேயோ உங்க கையில தப்பு நடக்குது. அடுத்த தடவையும் இப்படியே வந்தா, செல் அறையை வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிட்டு உங்களைக் கண்ணாடிச் சாமான் கழுவுற பக்கம் மாத்த வேண்டியிருக்கும். எனக்கு வேற வழி தெரியலை" என்றார். கெட்ட மனுஷி இல்லை, அவர் சொன்னதும் நியாயம்தான்.

அன்று வீட்டுக்கு வந்த அண்ணி நேரே பால்கனிக்குப் போய், காலையில் தண்ணீர் ஊற்றிய செடிகளுக்கு மறுபடியும் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த அறை கைவிட்டுப் போனால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். வேலை போகாது, சம்பளமும் போகாது. ஆனால் உயிரோடு இருக்கிற எதையும் பார்த்துக்கொள்ள முடியாத அண்ணியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இங்கே அண்ணனின் நெஞ்செரிச்சலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணி போட்ட சாப்பாட்டின் பலன் அது. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும் என்றிருந்தார். வெறும் வயிற்றில் மருந்தா? அண்ணிக்கு அது அடுக்கவே இல்லை. குடல் என்னத்துக்கு ஆகும் என்று முதலில் தட்டை வைப்பாள், கடைசி வாய்க்குப் பிறகு மாத்திரையை நீட்டுவாள். நெஞ்செரிச்சல் அது பாட்டுக்கு இருந்தது.

ஒரு காலை வேளையில் அண்ணன், "இந்த மாத்திரை தண்டம். டாக்டரை மாத்தணும்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "டாக்டரை ஏன் மாத்துறே? அண்ணியை மாத்து. இவங்ககிட்ட மாட்டுன கேன்சர்கூடக் குடுத்து வச்சதுதான். விஷம் வைக்கிறதா இருந்தாலும் வயிறு நிறையச் சாப்பாடு போட்டுட்டுத்தான் வைப்பாங்க."

அண்ணி திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஆமா" என்றாள் மெதுவாக. "போட்டுட்டுத்தான் வைக்கிறேன்."

விஷயம் இதுதான். அந்த ரோஸ் திரவத்தில், கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிநீரைச் சேர்ப்பார்கள். செல்களுக்குச் சத்தே அதில்தான். "வழக்கம்போல ஊட்டத்தை மாத்திட்டு மருந்து விடுங்க அக்கா" என்று அவசரம் ஓடிக்கொண்டே சொல்லியிருந்தார். அண்ணியின் வழக்கம் சீரம் சேர்த்து ஊற்றுவது. அவசரத்தின் வழக்கம் என்ன என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டும் பார்வைக்கு ஒரே ரோஸ்தான்.

அன்று வேலைக்குப் போனதும், "தம்பி, மருந்து விடுறப்ப நீங்க சீரம் சேப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"யாராவது சேப்பாங்களா அக்கா? மருந்து உள்ள போகாம அது தடுத்துடுமே. முதல்ல கொஞ்ச நேரம் பட்டினி போட்டுடணும்" என்று சொல்லிவிட்டு அவசரம் படியிறங்கி ஓடிவிட்டார். ஏன் கேட்டாள் என்று நின்று யோசிக்க அவருக்கு ஏது நேரம்.

சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்துக் கூடியது. எனக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க அண்ணி. நாளைக்கு நீங்களும் பட்டினி போட்டுட்டு மருந்து விடுங்க. எல்லாம் நீலமாயிடும். அறையும் உங்களுக்கே, மேடத்துக்கும் நிம்மதி" என்றேன். இது நல்ல யோசனை என்று இன்றும் சொல்வேன்.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்றான் அண்ணன். அவன் எப்போதாவதுதான் பழமொழி சொல்வான், அன்று சரியாகச் சொன்னான்.

"அப்ப முன்னாடி என் தட்டுல சாகாம இருந்துச்சே, அது ஏன்னு யாருக்குமே தெரியாமப் போயிடுமே" என்றாள் அண்ணி.

"போனா போகுது."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"நீங்க போடற சோத்துல ரெண்டு பூசணிக்காய்க்கு எடம் இருக்கு" என்றேன்.

சிரித்தாள், ஆனால் கேட்கவில்லை. "செத்துச்சா, சாகலையான்னு பாத்துச் சொல்றதுக்குத்தான் எனக்கு அங்க வேலை. ஏன் சாகலைன்னு தெரிஞ்ச அப்புறமும் வாயை மூடிக்கிட்டேன்னா, அதுக்கப்புறம் நான் சொல்ற எதை அவங்க நம்பறது?" என்றாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவளை யார் தடுக்க முடியும்? எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாடிக்கையாளரின் சட்டைக் கையை மாற்றித் தைத்துவிட்டேன். இடது கை வலது பக்கம்.

மறுநாள் அண்ணி மேடத்தின் அறைக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னாள். மேடம் முதலில், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மேடம்" என்று சொல்லிவிட்டு அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு அவசரத்தைக் கூப்பிட்டார்.

"சீரத்தோட செஞ்சு பாத்தாச்சுன்னு நெனச்சேன். பாக்கவே இல்லையா?"

"முதல்ல பட்டினியில வரட்டும், அது பின்னாடி பாத்துக்கலாம்னு..." என்று இழுத்தார் அவசரம்.

"மனுஷ ரத்தத்துல என்ன இருக்கு?"

"சீரம்" என்றார் அவசரம், யாருக்கும் கேட்காத குரலில்.

"ரத்தத்தை வெளிய எடுத்துட்டா ஒருத்தருக்கு மருந்து குடுக்கப் போறோம்?"

அவ்வளவுதான், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. ரத்தத்தில் இருக்கிற புரதங்கள் எல்லாம் அந்தக் குமிழியின் மேல் வந்து ஒட்டிக்கொண்டால், செல்லுக்கு அது இன்னதென்று அடையாளம் தெரியாது, விழுங்காது. பட்டினி கிடந்த செல்லைக் கொன்றுவிட்டு எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நோஞ்சானை அடித்துவிட்டு ஜெயித்ததாகச் சொல்ல முடியுமா என்று அண்ணி என்றைக்கோ என்னிடம் கேட்டது நிஜமாகவே நடந்திருந்தது. எலி வேலை நின்றது. குமிழிக்கு எதுவும் ஒட்டாத புதுச் சட்டை ஒன்று கண்டுபிடிக்க வேண்டும், வருஷக் கடைசிக்குள் ஒன்றாவது தேறவில்லையென்றால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிட வேண்டியதுதான் என்றார் மேடம். அண்ணியின் அறையைப் பற்றிக் கேட்டதற்கு, "அதுவரைக்கும் நீங்களே பாத்துக்குங்க. இனிமே எந்தத் துகள் வந்தாலும் உங்க வழக்கப்படி சாப்பாடு போட்டுட்டுத்தான் சோதனை. உங்க கையில செத்தாத்தான் செத்ததா அர்த்தம்" என்றார்.

அண்ணி உண்மையைச் சொன்னதால் இப்போது அவள் அறை மட்டுமல்ல, மொத்த ஆராய்ச்சியும் அந்தரத்தில் தொங்கியது. அவசரத்தின் பட்டமும் அதோடு சேர்ந்து. அவர் அண்ணியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அண்ணி அதற்காக அவரை விட்டுவிடவில்லை, தினமும் ஒரு டப்பாவில் சாப்பாடு கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள். முதலில் டப்பா அப்படியே திரும்பி வந்தது. பிறகு காலியாக வந்தது. ஒருநாள் கழுவித் துடைத்து வந்தது. "பேச ஆரம்பிச்சுட்டாரா?" என்று கேட்டேன். "டப்பா பேசுதே, போதும்" என்றாள்.

சட்டை மேல் சட்டையாக வந்தது. "மழைக்கோட்டுத் துணியில தண்ணி நிக்காதுல்ல, அந்த மாதிரி ஒண்ணு தேடுறாங்க" என்று அண்ணி எனக்காக என் பாஷையில் சொன்னாள். வந்த சட்டையெல்லாம் தோற்றது. ஒன்று ரத்தப் புரதத்தை ஒட்டவிடவில்லை, சரி, ஆனால் செல்லையும் கிட்டே சேர்க்கவில்லை. இன்னொன்று மருந்தை வெளியே விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மருந்து விட்ட மறுநாளெல்லாம் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் இருந்து அண்ணிக்குப் போன் செய்வான். பஸ் நிறைய ஆள் ஏறி உட்கார்ந்திருக்க, "என்ன, இன்னிக்கும் ஒருத்தனும் சாகலையா? சரி விடு, அடுத்த வாரம் வேற மாதிரி முயற்சி பண்ணுங்க" என்று சத்தமாகச் சொல்வான். ஒரு தடவை முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்களாம்.

அந்த நாட்களில் ஒருமுறை அண்ணி வீட்டில் மறந்துபோன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க நான் அங்கே போனேன். தலைக்கு உறை, காலுக்கு உறை எல்லாம் மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனாள். நுண்ணோக்கித் திரையில் செல்கள் ஆற்றுக் கூழாங்கற்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன, சனியன்கள். "இது யாரோட நுரையீரலா இருக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியலை. ஆனா மூச்சு விட ரொம்பக் கஷ்டப்பட்டுப் போயிருப்பாங்க" என்றாள் அண்ணி. "இவ்ளோ நாளாச் சாப்பாடு போடறேன், அவங்க பேர்கூட எனக்குத் தெரியாது." மஞ்சளாகியிருந்த ஒரு குப்பியை எடுத்துப் பழையதை உறிஞ்சத் தொடங்கினாள்.

வருஷக் கடைசி நெருங்கிவிட்டது. ஒரு சாயங்காலம் நான் ஒரு கோட்டுக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சீக்கிரம் வந்து, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் முதலில் மாத்திரை, அரை மணி கழித்துத்தான் தட்டு. அந்த அரை மணியும் அண்ணி தட்டோடு தவித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும்.

அண்ணி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். யாரையும் பார்த்து "சாப்டீங்களா?" என்று கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தக் கேள்வி இல்லாமல் அவள் இந்த வீட்டுக்குள் நுழைந்ததே கிடையாது. மூடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நான் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

நேரே என்னிடம் வந்து, ஊசியோடு இருந்த என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு உன் கைராசி எனக்கு வந்துடுச்சுடி" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அண்ணனுக்கு அதற்கு மேலும் ஆயிற்று. "யாரு செத்தா?" என்று எழுந்தான்.

"எல்லாரும்" என்றாள் அண்ணி. சிரித்துக்கொண்டே அழுதாள். வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, பிறகு புதுச் சட்டை போட்ட துகளை விட்டாளாம். தட்டு முழுக்க நீலம். பக்கத்துத் தட்டில் நோயில்லாத நுரையீரல் செல்களை வைத்து அதே மருந்தை விட்டிருந்தார்கள், அதில் நீலத்தைத் தேட வேண்டியிருந்தது. சரியாகத்தான் செய்தோமா என்று திரும்பச் செய்து பார்த்துவிட்டுத்தான் மேடத்திடம் சொன்னாளாம். அவசரம் நாற்காலியைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் ஆற அமரப் பார்த்தாராம். மேடம் செல் அறைச் சாவிக்கொத்தை எடுத்து, இனி இதைப் பற்றிப் பேச்சே கிடையாது என்று அண்ணியின் கையில் வைத்தாராம்.

"அப்ப கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சா?" என்றான் அண்ணன்.

"அய்யோ, இல்லைங்க. இது தட்டுல செத்திருக்கு. இனி எலி, அப்புறம் எத்தனையோ. ஆளுக்குப் போய்ச் சேர வருஷக்கணக்காகும், போகாமலும் போகலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி எப்போதும் இப்படித்தான், இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுவாள்.

"நீங்க சாப்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். அவளை உட்கார வைத்துவிட்டு நானே அடுப்படிக்குப் போனேன். என் கைராசிதான் தெரியுமே. முட்டை ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல் வந்தது. உப்பு போட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டேன்.

அண்ணி கடைசித் துணுக்கு வரை வழித்துச் சாப்பிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். எனக்குத் தெரிந்து அண்ணி சொன்ன ஒரே பொய் அதுதான்.